எந்த ஆங்?

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் கிடந்த பாறைக்காட்டை உடைத்து அரிசி மில் கட்டியவன் நான். தண்ணீரே வராது என்று ஊரே சிரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தவன் நான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் தங்க மலையடியில் சத்திரம் எழுப்பியவனும் நானே. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அப்பன் எனக்கென்று விட்டுப்போனது ஒரு கடப்பாரை.

இதெல்லாம் திருத்தணியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. கிரேக்க தேசத்துப் பழைய தத்துவ உரையாடல் ஒன்று தமிழில் வந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

யுத்த காலம். எண்ணெய் கிடைக்காமல் மில் இன்ஜின் பாதி நாள் நின்று கிடந்தது. நிற்கிற மில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஓடுகிற மில்லில் மூட்டை தூக்குவதைவிட அலுப்பு. மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் நடத்திய வாத்தியார் ஒருவர், வீட்டில் பிள்ளைகள் கூச்சல் தாங்காமல், மத்தியானங்களில் மில்லில் உட்கார்ந்து அந்த உரையாடலை இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுத இடம் கேட்டார். தவிட்டு மூட்டைகளின் மேல் பலகை போட்டுக் கொடுத்தேன்.

எழுதியதை எனக்கும் என் மச்சினனுக்கும் படித்துக் காட்டுவார். கதையில் ஒரு கிழவர். கேள்வி கேட்பதுதான் அவர் வேலை. எதிரே ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர். நீதி என்றால் என்ன என்று தொடங்கும் பேச்சு. கிழவர் கேட்கக் கேட்க மற்றவர் “ஆம் ஐயா, ஆம் ஐயா” என்பார். கடைசியில், தான் முதலில் சொன்னதற்கு நேர் எதிரானதைத் தானே ஒப்புக்கொண்டிருப்பார். வாத்தியார் அத்தனையையும் ஜெபம்போல ஒரே குரலில் படிப்பார். மச்சினன் தூங்கிவிடுவான்.

“சார், ரெண்டு பேர் பேசிக்கினு இருக்காங்கன்றீங்க. எனக்கு ஒரு குரல்தான் கேக்குது. நம்ம பக்கம் எவன் ‘ஆம் ஐயா’ன்றான்? ஆங்னு போடுங்க” என்றேன்.

அரை மனதாக மாற்றிக்கொண்டு வந்தார். ஆனால் படித்தது அதே குரல். மச்சினன் விழித்துக்கொண்டான்.

“பாவா, அந்தப் பெரிய மனுசனுக்குக் காது மந்தமா? எதைச் சொன்னாலும் ஆங்? ஆங்?னு கேட்டுகினே கீறாரே!”

வாத்தியாருக்கு முகம் சிவந்தது. “தத்துவத்தைத் தெருக்கூத்தாக்கிட்டீங்க.”

“கோச்சுக்காதீங்க சார். அந்த ஆளு எந்த ஆங் சொன்னான்னு பாத்தீங்களா?”

எனக்கு அது தொழில். கல் ஏற்றிவரச் சொன்னால் வண்டிக்காரன் தலையை நிமிர்த்தி “ஆங்!” என்றால் வண்டி வரும். வேறெங்கோ பார்த்துக்கொண்டு “ஆங்...” என்று இழுத்தால் வராது. “ஆங்?” என்றால் இன்னொரு தரம் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் சுவர் எழுப்ப முடியாது.

வாத்தியார் லேசில் விடவில்லை. “ரெண்டும் ரெண்டும் நாலு. முனகிகினே ஒத்துக்கினாலும் நாலுதான். வாதத்துக்கு முகம் எதுக்குங்க?”

நியாயமாகத்தான் பட்டது. யோசித்துச் சொன்னேன்: “கிழவர் கணக்கு போட்டு ஜெயிக்கலியே சார். அவன் வாயாலயே சொல்ல வெச்சுதானே ஜெயிக்கிறாரு? அவன் மனசாரச் சொல்லலன்னா, கிழவர் ஜெயிச்சாரா, இல்ல இவன் ஓய்ஞ்சுட்டானா?”

காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். சில நாள் கழித்து இங்கிலீஷ் புத்தகத்தோடு வந்தார். அதில் பதில்கள் ஒன்றுபோல் இல்லையாம். முதலில் தாராளமாக வருகிறவை, போகப்போகச் சுருங்கிக் கசக்கின்றனவாம். “எல்லாத்தையும் நான்தான் ஒரே ‘ஆம் ஐயா’வா ஆக்கிட்டேன். கதையா படிச்சாதான் வாதம் எங்க இடறுதுன்னு தெரியுது” என்றார். அதைக் கண்டுபிடித்தது அவர்தான். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்.

பிறகு அவர் கிழவர், நான் பெரிய மனிதர் என்று உட்கார்ந்து முதலிலிருந்து பேசிப் பேசி எழுதினோம். கடைசிப் பக்கம் வரும்போது எனக்கு உண்மையாகவே களைப்பு. இன்ஜின் ஓடவில்லை, வெயில் வேறு. “ஆங், நீங்க சொன்னா சரிதாங்க” என்றேன். வாத்தியார் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார், அதையே எழுதினார். படித்தவர்களெல்லாம் மெச்சுகிற வரி அதுதான் என்கிறார்கள்.

புத்தகம் மெட்ராஸில் அச்சானது. முன்னுரையில் கர்த்தருக்கு நன்றி, மனைவிக்கு நன்றி, “அமர்ந்து எழுத இடமளித்த அரிசி மில் நண்பருக்கு” நன்றி. இடமளித்தவனாம்! தவிட்டு மூட்டையும்தான் இடமளித்தது.

கேட்கலாம் கேட்கலாம் என்றிருந்தேன், வாத்தியார் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது அவர் மகன் மறுபடி அச்சிடுகிறார். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் அவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “ஆங்... பாக்கலாங்க” என்றார்.

அது எந்த ஆங் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அவரிடம் எழுத்தில் கேட்கிறேன். இங்கே யார் பெயரையும் நான் எழுதவில்லை; அங்கே, முன்னுரையில், என் பெயர் வரவேண்டும். இடமளித்தவர் என்பதை எடுத்துவிட்டு, பெரிய மனிதரின் பதில்களைச் சொன்னவர் என்று போடுங்கள்.