குடிக்காத காப்பி

அரபு நாட்டுப் பாலைவனத்தில், லிவா பக்கம் ஒட்டகப் பண்ணையில் வேலை பார்த்த என் நண்பன், அந்த வருடம் பெருநாள் லீவுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னான். நகரத்தில், தேராக் கடைத்தெருவில் மசாலாக் கடையில் நின்று நின்று கால் வீங்கிக் கிடந்த எனக்கும் எங்கேயாவது போனால் தேவலை என்றிருந்தது. இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஒரு தண்ணீர் லாரிக்காரரிடம் கெஞ்சி ஏறிப் போய் இறங்கினேன்.

பரமக்குடி பக்கம் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். வீட்டு டிரைவர் விசா என்று சொல்லித்தான் ஏஜெண்ட் அவனை அனுப்பினான். வந்து இறங்கியதும் கையில் கொடுத்ததோ தீவனக் கூடை. தகரக் கொட்டகை, ஒரு கட்டில், வெயிலில் கொதிக்கிற தண்ணீர்த் தொட்டி. பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. என்னைப் பார்த்ததும் வாய் சிரித்தது, சத்தம் வரவில்லை. அந்த ஏஜெண்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

விருந்துக்கு ஒரு குறையும் இல்லை. அப்போதே கறந்த ஒட்டகப் பாலை நுரையோடு குடித்தேன். பண்ணைக்காரப் பெரியவர், பல்லெல்லாம் போனவர், மணலில் பாய் விரித்து ஒரே தாம்பாளத்தில் சோறும் ஆட்டுக்கறியும் வைத்து எங்களையும் உட்காரச் சொன்னார். நல்ல கறியாகப் பிய்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். மாமனார் வீட்டில்கூட எனக்கு அப்படி உபசாரம் நடந்ததில்லை.

கை கழுவும்போதுதான் நண்பன் விஷயத்தைச் சொன்னான்.

"மாப்ளே, இப்ப காப்பி ஊத்துவாரு. குடிச்சிராத. கீழ வச்சிரு."

"ஏன்டா?"

"விருந்தாளி குடிக்காம வச்சா, என்ன வேணும்னு கேப்பாரு. கேட்டதைக் குடுத்தே ஆகணும், இவுக வழக்கம் அது. வேலைக்காரன் வச்சா செல்லாது. நீ எனக்கு லீவு கேளு. பாஸ்போர்ட்டு இவரு மகன்ட்டதான் இருக்கு, பண்ணைக் கணக்கெல்லாம் அவன்தான். ஆனா அப்பன் சொல்லத் தட்ட மாட்டான்."

அவன் இங்கே வந்த பிறகு பிறந்தவள் அவன் மகள். அப்பன் வரட்டும் என்று காதுகுத்தைத் தள்ளிக்கொண்டே போனார்கள். இப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது வந்துவிட்டது.

"இன்னும் மூளிக் காதோட திரியுதுடா. உனக்கு அப்பன் இருக்கானான்னு தெருப் பிள்ளைக கேக்குதுகளாம்" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் கை கழுவினான்.

பெரியவர் ஏலக்காய் மணக்கிற கசப்புக் காப்பியைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். நான் வாங்கிக் கீழே வைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன வேண்டும், கேள்."

கடைத்தெருவில் கற்ற அரபியில் கேட்டேன். அவர் நண்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை நாளில் அன்றைக்குத்தான் அவனைப் பார்த்தாரோ என்னவோ.

"கலாஸ், முடிந்தது. அவன் ஊருக்குப் போவான். நீ குடி."

குடித்தேன். அவ்வளவு கசப்பு எனக்கு அதற்கு முன்னால் இனித்ததில்லை. நண்பன் தீவனம் வைத்தபடியே வாய் ஓயாமல் பேசினான். தோடு தேராவிலேயே எடுக்கணும், சின்னதா, பிள்ளைக்குக் கனக்காம, நீயே பாத்து எடுத்து வை மாப்ளே என்றான். அன்றைக்கு அவன் சிரித்த சத்தம் எனக்குக் கேட்டது.

வெயில் தாழ மகன் பெரிய வண்டியில் வந்தான். அப்பா நெற்றியில் முத்தமிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, காப்பி ஊற்றிக் கொடுத்தான். பெரியவர் லீவு விஷயத்தைச் சொன்னார். மகன் மொபைலைப் பார்த்துக்கொண்டே, "இப்போது முடியாது, அப்பா. பந்தயக் காலம் வருகிறது, ஒட்டகங்களை யார் பார்ப்பது?" என்றான்.

பெரியவர் தன் கோப்பையைக் குடிக்காமல் மகன் முன்னால் வைத்தார்.

நண்பன் கூடையோடு அப்படியே நின்றான். பெற்ற அப்பன் பிள்ளையிடம் விருந்தாளியாகிக் கேட்கிறார், இதற்கு மேல் என்ன வேண்டும்?

மகன் சிரித்தான். "ஆறிப்போய்விட்டது, அப்பா" என்று அந்தக் காப்பியை மணலில் கொட்டிவிட்டு, சூடாக வேறு ஊற்றி அவர் கையில் கொடுத்தான்.

குடிக்காதீர்கள், குடிக்காதீர்கள் என்று நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பெரியவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கள் பக்கம் திரும்பாமல், குடித்தார்.

நண்பன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து, கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டு போனான்.