வாய் பொத்திய கை

பெரியப்பாவை நினைத்தால் எனக்கு அவர் முகம் வருவதில்லை. வாயை மூடிய அவருடைய இடது கைதான் வருகிறது. மூன்று மோதிரங்கள், ஆள்காட்டி விரல் நுனியில் காய்ந்த சுண்ணாம்பு. அப்பா இறந்ததும் எங்கள் பங்கு நிலத்தையும் தன் நிலத்தோடு சேர்த்துக்கொண்டு, எனக்கும் அம்மாவுக்கும் சோறு போடுவதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர். அவர் மேல் எனக்கு அன்றும் அன்பில்லை, எழுபத்தெட்டு வயதில் இன்றும் இல்லை.

அவர் பண்ணையில் வேலை செய்தவர்கள் அவர் எதிரே இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும். "உங்க மூச்சு எம்மேல படக்கூடாது" என்பார். உண்மையில் அந்த இடத்தில் நாறிய மூச்சு அவருடையது ஒன்றுதான். ஓயாத வெற்றிலை, புகையிலை. கீழ்ப்பற்களின் உட்புறம் கறுத்த காரை படிந்து, பற்கள் தனித்தனியே தெரியாமல் ஒரே சுவராகிவிட்டன. எதையும் எண்ணிப் பார்க்கும் எனக்கு அந்த வாயை எண்ண முடியாதது பெரிய எரிச்சல். ஈறில் ரத்தம் கசிந்ததும் அந்தப் பக்கம் தேய்ப்பதையே விட்டுவிட்டார்.

பெரியம்மா நச்சரித்ததால் மாயவரத்துப் பல் டாக்டரிடம் போனார். துணைக்கு நான். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: "ரத்தம் வர்ற எடத்தைத்தாங்க நல்லாத் தேய்க்கணும். காரையில கிருமி சேந்து ஈறு வீங்குது. ஈறு விலகி, உள்ள எலும்பு கரையுது. கரைஞ்ச எலும்பு திரும்ப வராது. இப்பவே சுரண்டி எடுத்துட்டு, புகையிலையை விட்டீங்கன்னா மிச்சப் பல்லைக் காப்பாத்திடலாம்."

"இந்தக் காரைதான்யா பல்லைப் பிடிச்சு நிறுத்தியிருக்கு. சுரண்டினா அத்தனையும் உதிந்துடும். எனக்கே பாடம் சொல்றீரா?" என்று நாற்காலியைவிட்டு இறங்கிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் ஒரே புலம்பல்: "எவனைப் பாரு, இருக்கறதைப் பிடுங்கத்தான் வர்றான்." அப்போது ஆட்சி மாறியிருந்தது. நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று தினம் ஒரு பேச்சு. வரப்புக்கு வரப்பு சிவப்புக் கொடி. டாக்டரையும் அவர் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

அந்த ஆண்டு குறுவை முற்றி நின்றது. அறுக்கும் நெல்லில் கலத்துக்கு அரை மரக்கால் கூடுதல் கூலி தராமல் அரிவாள் எடுப்பதில்லை என்று ஆட்கள் சொல்லிவிட்டார்கள். மழை வந்தால் கதிர் தண்ணீரில் சாய்ந்து முளைத்துவிடும். தாசில்தார் இரு தரப்பையும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். அங்கும் துணைக்கு நான். பெரியப்பாவின் ஈறு சீழ் கட்டி வீங்கியிருந்தது. நாற்றம் தனக்கே தாங்காமல், இடது கையால் வாயை மூடியபடி முனகினார். எதிரே விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா பெரியப்பாவின் முன் வாயைப் பொத்தியே காலம் கழித்தவர்.

"மிராசுதார் கையை எடுத்துட்டுப் பேசணும், ஒண்ணும் வெளங்கலை" என்றார் தலைவர். "வாயைப் பொத்தறது எங்க வேலையாச்சே, நீங்க ஏன் எடுத்துக்கிட்டீங்க?"

வாசலில் நின்ற தாசில்தாரின் டவாலிச் சேவகன்கூடச் சிரித்துவிட்டான். பெரியப்பா கையை எடுத்து, எழுந்து, மேஜையைத் தட்டி, "முடியாது" என்று கத்தப் போனார். "மு" மட்டும் வந்தது. கூடவே ரத்தமும் ஒரு முன்பல்லும் மேஜையில் விழுந்தன. மறுபடி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தவர் கடைசிவரை பேசவில்லை. தாசில்தார் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "ஐயா ஆட்சேபம் சொல்லலை. சம்மதம்னு எடுத்துக்கறேன்" என்றார். மறுநாள் அறுப்பு தொடங்கியது. மேஜையில் விழுந்த அந்தப் பல்லை நான் கிட்டத்தில் பார்த்திருந்தேன். பல்லைப் பிடித்து நிறுத்துவதாக அவர் நம்பிய காரை, அதில் சிந்தாமல் சிதறாமல் அப்படியே ஒட்டியிருந்தது.

போன மாதம் என் ஈறிலும் ரத்தம். அதே மாயவரத்தில் ஒரு பெண் டாக்டர் இரண்டு தடவையாக ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்தார். பற்களுக்கு நடுவே சந்து விழுந்ததுபோல் இருந்தது. பயந்துபோய் மறுபடி ஓடினேன். "காரை அடைச்சிருந்த எடம் சார் அது. ஈறு இறுகிடும். காலையும் ராத்திரியும் மெதுவாத் தேய்ங்க, போதும்" என்றவர், பார்ப்பதற்காகக் கிட்டத்தில் குனிந்தார்.

என் இடது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது.

"கையை எடுங்க சார்."

மோதிரம் இல்லாத கைதான். ஆனாலும் அது யாருடைய கை என்று எனக்குத் தெரிந்தது. அதை நாற்காலிப் பிடியில் வைத்து அழுத்திக்கொண்டு வாயை அகலத் திறந்தேன். டாக்டர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருபத்துமூன்று. என் கணக்கும் அதுதான்.