இரண்டு கேமராவும் மங்கலாகத் தெரிந்த நாள்

முதல் வருடம் முழுவதும் துறையின் கேமராவைத்தான் நாங்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டோம். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் நான் படிப்பது காட்சித் தொடர்பியல். என் முறை வரும்போது, கேமராவின் மேலே இருக்கும் வியூஃபைண்டரில் நான் கண்ணை வைத்ததே இல்லை. பின்னால் உள்ள திரையைப் பார்த்தே எடுத்துவிடுவேன். வெயிலில் திரை தெரியாது என்பதால் துப்பட்டாவைத் தலைமேல் போட்டு மூடிக்கொள்வேன். செல்போன் பழக்கத்தை விடு, கண்ணை வைத்துப் பார் என்று ஆசிரியர் ஒருமுறை கடிந்துகொண்டார். பார்த்தேன். கலங்கலாக இருந்தது. எத்தனையோ பேர் கை பட்ட பழைய கேமரா, உள்ளே ஏதோ கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் ஆளுக்கொரு கேமரா வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் பல மாதமாகவே தயாராகிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரான காணையிலிருந்து கல்லூரிக்குப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனில் கேமரா வீடியோக்களாகவே பார்ப்பேன். எந்தக் கம்பெனி நல்லது, எந்த லென்ஸ் முதலில் வாங்க வேண்டும், பழைய கேமரா வாங்கினால் அது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாம் தெரியும். சொந்தமாக ஒரு கேமரா இல்லாமலேயே அதைப் பற்றி வகுப்பில் சண்டை போடுகிற அளவுக்குத் தெரியும்.

என்னோடு படிக்கும் தோழிக்கு ஊர் திண்டிவனம். மாதா கோவில் தெருவில் வீடு. அவளுடைய அண்ணன் அங்கேயே ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு முதல் நன்மை என்று வாரம் தவறாமல் வேலை இருக்கும். அவர் புது வகைக் கேமராவுக்கு மாறிவிட்டதால், வைத்திருந்த இரண்டு டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் ஒன்றை விலைக்குத் தரத் தயாராக இருந்தார். தெரிந்தவர் பொருள், ஏமாற்று இருக்காது என்று வீட்டில் சொன்னேன். அப்பா கரும்பு வெட்டு நடப்பதால் வர முடியாது என்றார். அம்மாதான் கிளம்பி வந்தாள். நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாங்குவது என்று முடிவான பிறகு, என்னைத் தனியே அனுப்பி ஏமாந்துவர அவளுக்கு மனமில்லை.

ஸ்டுடியோ அண்ணன் இரண்டு கேமராவையும் கண்ணாடி மேசைமேல் வைத்தார். ஒன்று பெரியது, கனமானது. கல்யாண மண்டபத்தில் பார்த்தாலே மரியாதை வரும் வகை. இன்னொன்று சின்னது. அதன் திரையைக் கதவு மாதிரி வெளியே மடக்கித் திருப்பலாம். என் மனதில் இருந்தது பெரியதுதான். எடுத்து, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த உரக்கடையை நோக்கி வைத்துப் பார்த்தேன்.

கலங்கல். கடைப் பலகையில் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இன்னொரு எழுத்து நிழலாகத் தொங்கியது.

பார்வைக்குத் தக்கபடி திருக ஒரு சின்னச் சக்கரம் பக்கத்தில் இருக்கிறது, அதைத் திருகிப் பார் என்றார் அண்ணன். இந்தக் கோடிவரை திருகினேன், அந்தக் கோடிவரை திருகினேன். கலங்கல் கொஞ்சம் மாறியதே தவிர போகவில்லை. சின்னதை எடுத்தேன். அதிலும் அப்படியேதான் இருந்தது. இரண்டிலும் வியூஃபைண்டர் சரியில்லை அண்ணா என்றேன். தெரிந்த இடம் என்று வந்தது தப்பாகிவிட்டதே என்று எனக்கு எரிச்சல். பக்கத்தில் நின்ற தோழிக்கு முகம் சுருங்கிவிட்டது.

அவர் கோபப்படவில்லை. கேமராவை வாங்கிச் சக்கரத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, தாம் ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார்.

"அம்மா, நீங்க ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க."

அம்மா அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. எங்கே பிடிப்பது என்று தெரியாமல், குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணை வைத்தாள்.

"நல்லாத்தான் தெரியுது தம்பி. மணிலா விதை கெடைக்கும்னு சிலேட்டுல எழுதி மாட்டி வெச்சிருக்கான்."

அந்தக் கடையில் வேர்க்கடலை விதைக்கென்று சிலேட்டு ஒன்று தொங்குவதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அண்ணன் என் பக்கம் திரும்பி, இடது கண்ணால் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பலகை தெரிந்தது. சாக்பீஸ் எழுத்துகூட தெரிந்தது. மறுபடி வலது கண். கலங்கல். கேமராவைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தேன். பலகை இருந்தது, எழுத்து இல்லை. கடைக்காரர் நின்றிருந்தார், முகம் இல்லை. இத்தனை நாளும் இரண்டு கண்ணும் திறந்திருந்ததால் நல்ல கண் மற்றதன் வேலையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறது. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தே தீர வேண்டிய ஒரு பொருள் கைக்கு வந்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது.

"வெளையாடாதடி," என்றாள் அம்மா. என் முகத்தைப் பார்த்த பிறகு மறுபடி அதைச் சொல்லவில்லை.

கேமரா எங்கும் போகாது, முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்று அண்ணன் சொன்னார். அம்மா வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய், வெளியே யாரிடமும் சொல்லாதீர்கள் தம்பி, பெண் பிள்ளை என்று கேட்டுக்கொண்டாள். விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால் மூடுவதும் மறு கண்ணை மூடுவதுமாக வந்தேன். அம்மா என் கையைப் பிடித்து மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏதேதோ இயந்திரங்களில் தாடையை வைக்கச் சொன்னார்கள். டாக்டர் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்த பெண்ணாக இருப்பார். கருவிழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது, அது மெலிந்து கூம்பு போல வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது என்றார். வலது கண்ணில் அதிகம், இடதில் இப்போதுதான் தொடக்கம். கண்ணைத் தேய்க்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கண் அரிப்பு. கரும்பு வெட்டியதும் காய்ந்த சோகையைக் கொளுத்தும் காலத்தில் புகை பட்டு இரண்டு முஷ்டியாலும் தேய்ப்பேன். அம்மா என்னை முந்திக்கொண்டு, ஆமாம் என்று சொன்னாள்.

மருந்து விட்டு, ஒளி பாய்ச்சி அந்தப் படலத்தைக் கெட்டிப்படுத்தும் சிகிச்சை இருக்கிறது, செய்தால் பெரும்பாலும் இதற்குமேல் மோசமாகாது என்றார். போன பார்வை திரும்பி வருமா என்று கேட்டேன். இந்தச் சிகிச்சையால் வராது, பிறகு ஒரு கெட்டி லென்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார். நான் போட்டோகிராபி படிக்கிறேன் என்று சொன்னேன். படிப்பை நிறுத்தச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தே ஆக வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பேச ஆரம்பித்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

"கண்ணே இப்பிடின்னு ஆன பின்னாடி கேமராவ வெச்சிக்கினு என்னா பண்ணப் போற? பி.காம்ல எடம் இருக்குதான்னு கேளு."

"கணக்கு எழுதவும் கண்ணுதாம்மா வேணும்."

எனக்கு அதைச் சொன்னதில் சந்தோஷம் இல்லை. அன்று அம்மா அடுப்படியில் உட்கார்ந்து, என்னிடம் முகத்தைக் காட்டாமல் அழுதாள்.

வலது கண்ணுக்குச் சிகிச்சை நடந்தது. அப்போது வலி தெரியவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. கண்ணுக்குள் மண்ணை வாரிப் போட்டது போல இருந்தது. வெளிச்சம் பட்டாலே தண்ணீர் கொட்டியது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு உள் அறையில் படுத்துக்கிடந்தேன். தூக்கத்தில் தேய்த்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. நான்தான் அம்மாவிடம் கையைக் கட்டச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். பிறகு பழைய பருத்திப் புடவையைக் கிழித்து, இறுகாமல், இரண்டு மணிக்கட்டையும் கட்டிலின் சட்டத்தோடு கட்டினாள். வேளைக்கு வேளை சொட்டு மருந்து விட வரும்போது அவிழ்ப்பாள், போகும்போது கட்டுவாள்.

கறுப்புக் கண்ணாடி போட்டு நடமாட ஆரம்பித்த நேரத்தில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து அப்பா வழி உறவில் எனக்கு அத்தை முறையானவர் வந்தார். என் படிப்பு முடிந்ததும் என்னை அவர் மகனுக்குக் கட்டிவைப்பது என்று இரண்டு வீட்டிலும் ஒரு பேச்சு இருந்தது. என்னிடம் யாரும் கேட்டதில்லை, நானும் மறுத்ததில்லை. கண்ணுக்கு என்ன என்று அத்தை கேட்டது உள் அறைவரை கேட்டது.

"தூசி வுழுந்துட்டுது. வேற ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா.

நான் வெளியே வந்தேன். தைரியம் என்று சொல்ல முடியாது. அந்தப் பொய்யைக் கல்யாணம்வரைக்கும், அதற்குப் பிறகும் நான்தான் சுமக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியது. தூசி இல்லை அத்தை என்று தொடங்கி, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார். சில குடும்பங்களில் வரலாமாம், உறுதியாகத் தெரியாது என்றேன். அவர் என் தலையைத் தடவிவிட்டு, டீயைக் குடித்து முடித்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். அதன் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்பாதான் ஒருநாள் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, அவள் காதில் விழும்படி சொன்னார்.

"பின்னாடி தெரிஞ்சி பேஜாரு ஆவுறதுக்கு, இப்பவே தெரிஞ்சது நல்லதுதான்."

அம்மா பாத்திரத்தை ஓசைப்பட வைத்தாள்.

கல்லூரிக்குத் திரும்பியபோது வகுப்பில் எல்லோர் கையிலும் கேமரா இருந்தது. தோழி மூலமாக அவள் அண்ணனிடம் கேட்டேன். இரண்டும் இருக்கிறது, வா என்றார். சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். அம்மா புடவை மாற்றி, செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள்.

"தனியா போவ வாணாம். ரோட்ட தாண்டும்போது ஒனக்கு வலது பக்கம் தெரியாது."

அப்படியெல்லாம் இல்லை, பக்கவாட்டில் எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் அவளோடு சேர்ந்து நடந்தேன். பல நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.

இந்த முறை தேர்ந்தெடுக்க எனக்கு வீடியோ எதுவும் உதவவில்லை. பெரிய கேமராவில் இடது கண்ணை வைத்தால் மூக்கு திரையில் போய் நசுங்கியது. பின்னால் இருக்கும் பொத்தான்களுக்குக் கட்டைவிரல் போகக் கன்னம் இடம் விடவில்லை. ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று என் கண்ணை நம்ப முடியாது, கேமராவையே நம்ப வேண்டும். திரையைப் பெரிதாக்கிப் பார்க்கவும், வெயிலுக்குத் திருப்பி வைக்கவும் வேண்டும். இதையெல்லாம் சேர்த்தால் சின்னதுதான் மிஞ்சியது. அதைத்தான் எடுத்தேன். பெரியதைக் கடைசியாக ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தேன். எனக்கு வேண்டியதை எடுத்தேனா, எனக்கு ஆகக்கூடியதை எடுத்தேனா என்ற கேள்வி வெகுநாள் மனதை அரித்தது. வகுப்பில் ஒருவன், வீட்டு விசேஷத்துக்கு எடுக்கிற கேமரா இது என்று சொன்னான். நான் காரணம் சொல்லவில்லை. ஆசிரியரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன். திரையைப் பார்த்தே எடு, படம் என்ன என்று நான் பார்க்கிறேன் என்றார்.

ஒருநாள் வகுப்போடு திண்டிவனம் பக்கத்தில் உள்ள பெருமுக்கல் மலைக்குப் போனோம். மேலிருந்து எல்லோரும் தூரத்து வயலையும் ஏரியையும் எடுத்தார்கள். நான் எடுத்த தூரத்துப் படம் எதுவும் எனக்கே பிடிக்கவில்லை. படிக்கட்டில் இளைப்பாறிய பெண்களின் பாதங்களை, பாறை இடுக்கில் தேங்கிய தண்ணீரைக் கிட்டப் போய் எடுத்தேன். அவற்றில் சில நன்றாக வந்தன. கிட்டத்தில் எடுப்பது என் விருப்பமா, என் கண்ணின் விருப்பமா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

வலது கண்ணுக்கு இப்போது கெட்டி லென்ஸ் போடுகிறேன். சில மணி நேரத்துக்குமேல் தாங்காது, உறுத்தும். போட்டிருக்கும்போது எழுத்து ஒற்றையாகத் தெரிகிறது. போன முறை பரிசோதனைக்குப் போனபோது இடது கண்ணிலும் அது கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார் டாக்டர். இந்த விடுமுறையில் அதற்கும் சிகிச்சை செய்துவிடலாம் என்று நாள் குறித்திருக்கிறார். அம்மா இந்த முறை பி.காம் பற்றிப் பேசவில்லை. ஆனால் டாக்டர் பேசிய நேரம் முழுவதும் என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. போன முறை மிச்சம் ஒரு நல்ல கண் இருந்தது.

நான் படுத்திருக்கும் வாரங்களில் கேமரா சும்மாதான் கிடக்கும். தோழிக்கு ஒரு கோவில் திருவிழாவை எடுக்க வேண்டியிருந்தது, அவளுடையது பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்தது, அண்ணனுடையவை கல்யாண வேலையில் இருந்தன. நேற்று அவளிடம் கொடுத்து அனுப்பினேன். திரையை மடக்கும்போது இழுக்காதே, மெதுவாகத் திருப்பு என்று மட்டும் சொன்னேன்.