குழாயில் மாட்டிய குடை

குடையைத் தெருக்குழாயின் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒன்றுமே அறியாதவளைப் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடக்க ஆரம்பிப்பாள் அம்சவேணி. மூங்கில் பிடி போட்ட பெரிய ஆம்பளைக் குடை அது. தெருக்கோடிக்குப் போய், வெற்றிலைக் கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசி, ஒரு சோடாவை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத் திரும்பி வருவாள். குடை அங்கேயே தொங்கினால் தெரு பாஸ். இல்லையென்றால் அந்தத் தெருவில் வீட்டைச் சும்மாக் கொடுத்தாலும் அவளுக்கு வேண்டாம்.

"போயும் போயும் குடையை வைத்தா சோதிப்பது? ஒரு பழைய துண்டை மாட்டக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"துண்ட எவன் எடுப்பான்ணா? எடுக்கணும்னு ஆச வர்ற சாமானாத்தான வெக்கணும்?" என்றாள். 

அம்சவேணி சர்க்கார் ஆஸ்பத்திரி மிட்வைஃப். நகரி நெசவுக்காரர் வீட்டுப் பெண். திருத்தணியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆந்திர-மதராஸ் எல்லைத் தகராறு ஒருவழியாகத் தீர்ந்து, இந்த ஏப்ரலில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நகரி ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. பிறந்த ஊர் இருக்கிற பக்கமே போதும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். சித்தூர், திருப்பதி, இரண்டில் எங்கே வேண்டுமானாலும் சேரலாம் என்று உத்தரவு வந்தது. என் மனைவிக்குப் பிறந்தகம் திருத்தணி. எங்கள் மூத்தவனை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்து, தலைகீழாகப் பிடித்து அழ வைத்தவள் அம்சவேணிதான். அந்த உறவில், சித்தூரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் நான் அவளுடைய வீடு தேடும் படலத்தில் சேர்க்கப்பட்டேன்.

அவளுக்குக் கணவன் இல்லை. ஒரே மகள், வரலட்சுமி. மூன்றாம் வகுப்புக்குப் போக வேண்டிய பெண்; ஒரு வருஷமாக நகரியில் மாமன் வீட்டில் இருக்கிறாள். பிரசவத்துக்கு நேரம் காலம் ஏது? கூப்பிட்டால் போட்டது போட்டபடி ஓட வேண்டும். அம்மா இல்லாத நேரத்தில் குழந்தை பயமில்லாமல் இருக்கக்கூடிய தெரு ஒன்று வேண்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அது அமையாவிட்டால், குழந்தையை நகரியிலேயே வைத்துக்கொள்வதாக அவளுடைய அண்ணன் சம்பத் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள் இதைச் சொல்லும்போது மட்டும் குரலை இறக்குவாள். "இன்னொரு வருசமும் எம் பொண்ண ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய்ப் பாத்துக்கினு இருக்கணுமா? நான் இன்னா விருந்தாளியாண்ணா?"

முதலில் திருப்பதியைத்தான் பார்த்தாள். அண்ணன் வீட்டுக்குப் போய்வர ரயில் வசதி. கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு தெரு அவளுக்கு அடியோடு பிடித்துப்போயிற்று. காரணம் இருக்கிறது. நகரியில் அவள் வளர்ந்த தெருவில் விடியும்போதே தறிக்குப் போகும் நூலைப் பாவாக நீட்டிவிடுவார்கள். கஞ்சி போட, இழை பிரிக்க, அறுந்ததை முடிய என்று தெரு நெடுக ஆள் நிற்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தால் பயமில்லை என்பது அவள் பால்குடியிலிருந்து பார்த்துப் பழகியது. திருப்பதித் தெருவிலோ காலை, மாலை, எந்நேரமும் ஜனம்! குடையை மாட்டினாள்; குடை அப்படியே இருந்தது. பூரித்துப்போனாள்.

மறு ஞாயிறு வீடு பேசப் போனால், பழைய முகம் ஒன்றைக்கூடக் காணோம். அத்தனை பேரும் புது மொட்டை. சந்தனம் பூசிய தலை ஒன்றிடம் போய், "இந்தத் தெருவுல ராத்திரியில பயம் கியம் உண்டாங்க?" என்று விசாரித்திருக்கிறாள். "எனக்கு என்னம்மா தெரியும், நான் சேலம். பஸ்ஸு எங்க நிக்குதுன்னு நீங்க சொல்லுங்க" என்றாராம் அவர்.

"ஜனம் இருக்குது, ஆனா யாரையும் யாருக்கும் தெரியலண்ணா. கொடய யாரும் எடுக்கல, சரி. கொழந்த காணாமப் போனாலும் அப்படியேதான் பாத்துக்கினு போவாங்க" என்று திரும்பி வந்துவிட்டாள். சித்தூரில் வேலைக்குச் சேர்ந்து, ஆஸ்பத்திரியிலேயே ஓர் அறையில் ஒண்டிக்கொண்டாள்.

பஸ் விஷயத்திலும் அவள் வழி தனி வழிதான். எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று கேட்கவே மாட்டாள். "கடேசி பஸ்ல பொம்பளைங்க ஏறுவாங்களா?" என்பதுதான் கேள்வி. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டர் இதைக் கேட்டு மிரண்டுபோய் என் முகத்தைப் பார்த்தான். நான் நகரி பஸ்ஸின் போர்டைப் பார்த்தேன். அதே போல, எந்த வீட்டுக்குப் போகும் வழியையும் பகலில் பார்த்து நம்ப மாட்டாள். விளக்கு வைத்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து தனியே நடந்து பார்ப்பாள். எந்தக் கடை சீக்கிரம் சாத்துகிறது, எந்த நாய் குரைக்கிறது என்று கவனிப்பாள். நாய் குரைத்தால் அவளுக்குச் சந்தோஷம். வேற்று ஆளைத் தெரிந்துகொள்ளும் நாயாம்.

நான் குடியிருக்கும் தெருவைக் காட்டாமல் இருப்பேனா? பத்து வருஷமாக இருக்கிறேன், தங்கமான தெரு என்று அளந்துகொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம், என்னிடம் மூச்சு விடாமல் தனியாக வந்து சோதனை நடத்திவிட்டு, நேராக என் வீட்டுக்குள் வந்து நின்றாள்.

"உங்க தங்கமான தெருவுல எங்கொட பூட்சிண்ணா!"

எனக்கு அவமானம் தாங்கவில்லை. குழாயடிக்கு ஓடினேன். குடை இல்லை. குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. அன்று இருட்டும் வரை தெருவில் குடையோடு போனவர்களை எல்லாம் நான் முறைத்துப் பார்த்தேன். அதில் பாவம், எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்டும் ஒருவர். அவளோ கோபத்தையெல்லாம் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒரு வாரம்தாண்ணா இருக்குது, ஸ்கூலு தொறக்க" என்றாள். என் மனைவி கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அம்சவேணியை அப்படிப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஒரு சத்தம். எங்கள் தெருவில் கோடி வீட்டுச் சொந்தக்காரி ரத்தினம்மா, அந்தக் குடையும் கையுமாக நின்றுகொண்டு அம்சவேணியை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள். அம்சவேணியே வந்து நடித்துக் காட்டினாள்.

"ஏமம்மா, கொடய மாட்டிட்டு மறந்து போற அளவுக்கு இன்னா ஞாபகம் உனக்கு? வெளியூருக்காரி நீ, பஸ்ஸ புடிக்கத்தான் போயிருப்பேன்னு கொடய எடுத்துக்கினு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடியாந்தேன். நகரி பஸ்ஸ, புத்தூர் பஸ்ஸ நிறுத்தி ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தேன். கண்டக்டர் திட்டறான்! வெள்ளச் சீல, கையில கறுப்புப் பை, நர்ஸாத்தான் இருக்கும்னு விடிஞ்சதும் இங்க வந்தேன். நீ இன்னாடான்னா நிதானமா நிக்கறியே!"

அம்சவேணி நன்றிகூடச் சொல்லவில்லையாம். "உங்க வூட்டுல ரூமு எதுனா காலியா இருக்குதாம்மா?" என்று கேட்டாளாம். வாடகை எவ்வளவு என்பதை வாரக் கடைசியில்தான் விசாரித்தாள்.

இப்போது அவள் எங்கள் தெருக்காரி. வரலட்சுமி தெலுங்குப் பாடத்தைத் தமிழில் ஒப்பித்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள். குடை மட்டும் பழைய குடைதான். மழை, வெயில், இருட்டு எதற்கும் கையைவிட்டு இறங்குவதில்லை. "ரெண்டு எலும்ப ஒடைக்கலாம்ணா இத்த வெச்சி" என்று சர்ட்டிபிகேட் வேறு.

நேற்றுச் சாயங்காலம் ஒரு மழை பெய்து ஓய்ந்தது. நனைந்த குடையை வாசலில் தெருவோரமாக விரித்துக் காயப் போட்டிருந்தாள். அதன் கீழே வரலட்சுமியும் ரத்தினம்மாவின் பேத்தியும் சம்மணம் போட்டு வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜட்கா வந்து நின்றது. யாருக்கோ வலி எடுத்துவிட்டது. அம்சவேணி கறுப்புப் பையோடு வெளியே வந்தாள். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. குடைப் பிடியில் கை வைத்தவள் குனிந்து உள்ளே பார்த்தாள். பிறகு காற்றில் பறக்காமல் இருக்க அதன் விளிம்பில் ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஜட்காவில் ஏறினாள்.