நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சாய்ந்த தொட்டி

காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூரில் பேருந்து ஏறினோம், நானும் எஞ்சினியர் கவிதா மேடமும். என் மடியில் டில்ட் சென்சார். கைக்கு அடங்கும் அலுமினியப் பெட்டி. தூணில் திருகினால், கண்ணுக்குத் தெரியாத சாய்வையும் எண்ணாகக் காட்டும். திருகுவது என் வேலை. எண்ணைப் படிப்பது மேடத்தின் வேலை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அரை மணி நேரம் நின்றோம். அங்கிருந்து தெற்கே ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். சுவரெல்லாம் 'எரிவாயுவுக்கு நிலம் தரமாட்டோம்' என்ற எழுத்து.

ஆட்டோக்காரர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கேஸ் எங்க இருக்குன்னு பாக்குற மிஷினாண்ணே? அப்படின்னா இங்கயே எறங்கிக்குங்க. ஊருக்குள்ள வந்தா என்னையும் சேத்துக் கட்டிப்போட்ருவாங்க."

"குடிதண்ணித் தொட்டிக்குங்க," என்றார் மேடம். ஆட்டோக்காரர் பாதிதான் நம்பினார்.

ஊர்க்கோடியில் நான்கு தூண்மேல் நின்றது தொட்டி. நேராகத்தான் தெரிந்தது. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் இரண்டு முறை விரிசல் விட்டதால் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தூணிலிருந்து பத்தடி தள்ளி ஓட்டு வீடு. வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. கணவர் திருப்பூரில் வேலை செய்ய, செல்வி என்ற பெண் பிள்ளைகளோடு அங்கே இருந்தார்.

"கதவு தானா சாத்திக்குதுங்க. பேயின்னு வேப்பிலை கட்டுனேன்," என்றார். "அது உள்ள நின்னுக்கிட்டு சாத்துதா, வெளிய நின்னு சாத்துதான்னுதான் தெரியல."

மோட்டார் போடும் முருகையன் சிரித்தார். "உன் வாய்க்குப் பயந்து பேய் வெளியதான் நிக்கும்."

தூணில் பெட்டியைத் திருகினேன். காலித் தொட்டிக்கு 0.412 பாகைச் சாய்வு, வீட்டுப் பக்கமாக. பத்து மணிக்கு முருகையன் மோட்டார் போட்டார்.

காற்று இல்லை. வாய்க்கால் தண்ணீர்கூட நின்றதுபோல இருந்தது. எதுவும் அசையவில்லை, லேப்டாப்பில் எண் மட்டும் ஏறியது. 0.418. 0.425. நான் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்த சிமெண்ட், வேறொன்றும் இல்லை. ஆனால் அது நகர்ந்துகொண்டிருந்தது. தொட்டி நிறைந்தபோது 0.439.

மேடம் எழுந்து முருகையனிடம் திரும்பினார். "அடியில தரை இறங்குது. தண்ணிய இறக்கிடுங்க."

"ஊர் குடிக்கிற தண்ணிங்க மேடம். என்னைய உரிச்சிருவாங்க."

"இறக்குய்யா," என்றார் செல்வி. "எம் புள்ளைங்க தலைமேல நிக்குது."

முருகையன் வால்வைத் திறந்தார். பெண்கள் அவரைத் திட்டிக்கொண்டே குடங்களோடு ஓடிவந்தார்கள். எண் இறங்கியது. தொட்டி காலியானதும் 0.416இல் நின்றது. காத்திருந்தோம். அதற்குக் கீழே போகவில்லை.

"பழைய எடத்துக்கு வந்துடுச்சா?" செல்வி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேடம் அதிகாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். புது ஊரில் நான் வாய் திறப்பதில்லை; அன்று திறந்தேன்.

"இல்லைங்க. கொஞ்சம் அங்கயே தங்கிடுச்சு. ஒவ்வொரு தடவ ரொப்பும்போதும் இப்படித்தான் தங்கியிருக்கும் போல. உங்க கதவச் சாத்துறதும் இதுதான்."

போனை வைத்த மேடம், உடனே வீட்டைக் காலி செய்யணும் என்றார். செல்வி வீட்டைப் பார்த்தார். "எங்க மாமனார் பண்ணையில வேலை பாத்தப்ப குடியிருந்த மனை. பட்டா இன்னும் கைக்கு வரல. காலி மனைன்னு வி.ஏ.ஓ. எழுதிட்டா வேற ஆளுக்குப் போயிரும். எப்படிங்க போறது?"

கேட்டுவிட்டு அவரே உள்ளே போய்ப் பாத்திரங்களை எடுத்து என் கையில் கொடுத்தார். "பிடிங்க." தெரு முனையில் இருந்த அவர் தங்கை வீட்டுக்கு எல்லாவற்றையும் சுமந்தோம்.

கடைசியில் செல்வி, தொட்டியிலிருந்து இறங்கிய தண்ணீரிலேயே இரண்டு சேலையும் பிள்ளைகள் சட்டையும் அலசி வாசலில் கொடி கட்டிப் போட்டார்.

"துணி காயிற வீட்டை எவனும் காலி வீடுன்னு எழுத மாட்டான். தெனம் வந்து மாத்திப் போட்டுட்டு ஓடிர்றேன்."

மூன்று மணிக்குக் கிளம்பினோம். என் ஊர் புதுக்கோட்டைப் பக்கம், கடப்பாரை இறங்காத பாறை. தரை நகரும் என்று அங்கே யாரிடமும் சொல்ல முடியாது. ஆட்டோவிலிருந்து திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத வாசலில் ஈரச் சேலை அசையாமல், நேராகத் தொங்கியது. அதற்குப் பின்னால் இருந்த தூண் நேராக இல்லை.