நான் தூங்கிப்போன கல்யாணம்

பெரியம்மா மகள் கல்யாண முகூர்த்தத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து போன ஒரே ஆள் நான். அப்போது எனக்கு ஆறு வயசோ ஏழோ. மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். குமாரபாளையத்தில் எங்கள் நெசவுத் தெருவில் நாலு ஆண்கள் கூடினால் அந்தப் பேச்சுதான். என் நினைவில் அணையும் இல்லை, பேச்சும் இல்லை. பாதியில் கலைந்த கனவைப்போல ஒரு பந்தலும் அதனடியில் நிறையக் கால்களும் மட்டும் இருக்கின்றன.

பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. தெருவின் ஒரு கோடியில் அவர்கள் வீடு, மறு கோடியில் எங்கள் வீடு. ஆனாலும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எனக்குக் காது குத்தியபோது அம்மா நேரில் போய் அழைக்காமல் ஆள் விட்டு அழைத்துவிட்டாளாம். சொந்த அக்காதானே, வராமலா போவாள் என்று நினைத்திருக்கிறாள். அக்கா வரவில்லை. இரண்டு பேருக்குமே வீம்புக்குக் குறைச்சல் இல்லை. அதில் எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கிறது, சொல்லிக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. நடுவில் அகப்பட்டவள் கல்யாணப் பெண்தான். அம்மா தன் கல்யாணம்வரை அக்கா வீட்டில்தான் இருந்தாள். அந்தப் பெண்ணைக் குழந்தையில் இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தவள் அவள்.

எங்கள் பக்கம் வீடு வீடாகப் போய்க் கையில் பாக்கு வைத்துத்தான் கல்யாணத்துக்கு அழைப்பார்கள். வாங்கிக்கொண்டால் போயாக வேண்டும். பெரியம்மாவும் பதிலுக்கு ஆள்தான் விட்டாள். அவர் வந்த நேரம் அப்பா சந்தைக்குப் போயிருந்தார், அம்மா நூல் அலச ஆற்றுக்குப் போயிருந்தாள். பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு என் உள்ளங்கையில் இரண்டு பாக்கை வைத்தார்.

"ஊட்டோட எல்லாரும் வந்துருங்க சாமி."

"வாரேனுங்க" என்றேன். அதற்கு முன் என்னை யாரும் எதற்கும் அழைத்ததில்லை.

சாயங்காலம் அப்பா வந்து குதித்தார். பச்சைப் பிள்ளை கையில் வைத்ததெல்லாம் ஒரு அழைப்பா, இங்கிருந்து யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். அம்மா பாக்கை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கல்யாணத்தன்று விடிவதற்குள் என்னை எழுப்பித் தலைவாரி, நோம்பி நாளுக்கு எடுத்த புதுப் பாவாடையைக் கட்டிவிட்டாள். அப்பா தறிக்குழியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்காத மாதிரி இருந்துவிட்டாரே, அதுதான் அவருடைய சம்மதம்.

"பாக்கு வாங்குனவ நீதான சாமி, நீ போயிட்டு வா" என்றாள் அம்மா. "அவ என்ன சேலை கட்டியிருந்தா, தாலி கட்டறப்ப அழுதாளா, எல்லாம் பாத்து வந்து எனக்குச் சொல்லோணும்."

வெளியே பனி. தறியில் ஏற்றுவதற்குத் தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்திருந்தார்கள். வெள்ளை நூல் கண்ணுக்கெட்டியவரை போய்ப் பனிக்குள் மறைந்தது. அதன் ஓரமாகவே நடந்தேன். நூல் முடிகிற இடத்தில் கல்யாணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மேளம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தத் தெரு அத்தனை நீளமாக அதன்பிறகு ஒருநாளும் இருந்ததில்லை.

பந்தல் வாசலில் பெரியம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள். நான்தான் வந்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பெரியவர்களுக்குச் செய்வதுபோலக் கால் கழுவச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கையில் சந்தனம் பூசினாள்.

முகூர்த்தத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. பசி தாங்காத பிள்ளைகளுக்கு மட்டும் முன்னாலேயே ஒரு பந்தி போட்டார்கள். நெல்லுச்சோறு, பருப்பு, நெய், வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டு. கம்பும் சோளமும் தின்று வளர்ந்த வயிறு அது. சும்மா இருக்குமா? ஒப்புட்டு மூன்று தின்றேன். பிறகு பந்தற்காலில் சாய்ந்துகொண்டு, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை நன்றாக விரித்து வைத்தேன். புகை வந்தது. சேலைக் கரைகள் வந்தன, போயின. மேளம் தூரமாகப் போய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல் இருந்தது. யாரோ என் தலையைத் தூக்கி மெத்தென்று எதன்மேலோ வைத்தார்கள்.

விழித்தபோது ஒரு தோள்மேல் அசைந்துகொண்டிருந்தேன். சந்தனமும் வேர்வையும் மணத்தன. முதுகில் வெயில் சுட்டது, பின்மதியம் ஆகியிருந்தது. அந்தத் தோள் பெரியம்மாவுடையது. அழைக்க ஆள் விட்டவள், என்னைக் கொண்டுவந்து விட ஆள் விடவில்லை. நானோ சேலையையும் பார்க்கவில்லை, தாலி கட்டியதையும் பார்க்கவில்லை. அம்மாவிடம் என்னத்தைச் சொல்வது? கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் நடை நின்றது. அம்மா வாங்கிக்கொள்ள, கொஞ்ச நேரம் இரண்டு பேரின் கைகளும் என் முதுகுக்கு அடியில் இருந்தன. பிள்ளை எதையும் பார்க்காமல் தூங்கிப்போனாள் என்று பெரியம்மா சொன்னாள். அம்மா என்னைப் பாயில் கிடத்தினாள். பெரியம்மா போகவில்லை. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே நின்றுகொண்டு சொன்னாள். அரக்குச் சேலை, தாழம்பூ வைத்த பின்னல், மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம். பிறகு குரல் தாழ்ந்தது.

"தாலி கட்டறப்ப உன்னையத்தான் தேடுனா."

அம்மா அழுதது எனக்குக் கேட்டது. உள்ளே அப்பாவின் தறி நின்றது.

"சோறு உண்டீங்களாக்கா?" என்று கேட்டாள் அம்மா.

"இன்னும் இல்ல அம்மிணி."

வந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்காமல் பெண்ணைப் பெற்றவள் எப்படிச் சாப்பிடுவாள்? எங்கள் வீட்டில் இருந்தது கம்மஞ்சோறும் மோரும்தான். அம்மா வட்டிலில் கரைப்பதும், பெரியம்மா உறிஞ்சிக் குடிப்பதும் கேட்டுக்கொண்டே இருந்தன. ஊருக்கெல்லாம் நெல்லுச்சோறு போட்டவள் எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருந்தது, ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. பெட்டி திறக்கும் சத்தம், சேலை உதறும் சத்தம், பிறகு காலடிகள். பிறகு ஒன்றுமில்லை.

மெல்லக் கண்ணைத் திறந்தேன். அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. தறிக்குழியை எட்டிப் பார்த்தால் அப்பாவும் இல்லை. மூன்று பேரும் என்னை மறந்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். பயத்தில் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அழுதால், காதில் விழுந்து அம்மா பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாளே.