என்ஜின் வயிற்றில் சிவப்பு வார்னிஷ்

இப்போதெல்லாம் எங்கள் பீங்கான் கம்பெனியில் பூச்சு ஒட்டாத கப் ஒன்று சூளையிலிருந்து வந்தால், பெண்கள் அந்தக் கப்பைப் பார்ப்பதில்லை. என்னைப் பார்க்கிறார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

பூச்சுத் தொட்டி என் பொறுப்பு. முதல் சூளையில் வெந்து வந்த கப்பையும் ஊறுகாய் ஜாடியையும் பூச்சில் முக்கி எடுத்து, அடிப்பாகத்தை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் அடுத்த சூளையில் அது பலகையோடு ஒட்டிக்கொண்டு வராது. அதைவிட முக்கியம், முக்குவதற்கு முன்னால் எண்ணெய்க் கை படக்கூடாது. பட்ட இடத்தில் பூச்சு நிற்காது, சுருண்டு ஒதுங்கிவிடும். இதெல்லாம் எனக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை. வேலை செய்கிறவர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வாங்கிக் கற்றது. காதில் வாங்கியதை எல்லாம் வாயில் வைத்துக்கொண்டு திரிகிறவள் நான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரரிடம் ஒரு வெள்ளை அம்பாசடர் இருக்கிறது. மற்ற நாளில் அவர் அரிசி மில் லாரி ஓட்டுவார். மாப்பிள்ளை ஊர்வலம் என்று யாராவது கூப்பிட்டால்தான் அம்பாசடரை எடுப்பார். அன்றைக்கு அவர் நடையே வேறு மாதிரி இருக்கும். சட்டைக்கு இஸ்திரி நான் போட்டால் பிடிக்காது, அவரே போட்டுக்கொள்வார். மங்கலம்பேட்டை பாய் ஒருவர் துபாயிலிருந்து போன் போட்டு, மகன் நிக்காவுக்கு அந்த வண்டிதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"டிரைவரே, கப்பல் மாதிரி காரெல்லாம் இங்க நெறைய பாத்துட்டேன். எம் பையன் உங்க வண்டிலதான் எறங்கணும்."

இந்த ஒரு பேச்சை அவர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வண்டியோ புகை கக்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்குப் பின்னால் நடந்து வருகிறவர்கள் இருமக்கூடாது என்று ஜங்ஷன் ரோட்டு மெக்கானிக்கிடம் விட்டு என்ஜினைப் பிரிக்கச் சொன்னார். பழுது பார்க்கிற வேலை எல்லாம் முடிந்து, வெறும் இரும்புக் கூடாக அது மெக்கானிக் கொட்டகையில் கிடந்தது. இனிமேல் கோர்க்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை அவருக்குச் சோறு கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

மெக்கானிக் போனில் ஒரு வீடியோ காட்டினான். எந்த ஊர் வண்டியோ, என்ஜினின் உட்புறம் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட்.

"உள்ள அடிச்சா ஆயிலு தங்காம வழுக்கிக்கிட்டு கீழ எறங்குமாம்க்கா. இரும்ப வார்க்கும்போது ஒட்டிக்கிட்ட அச்சு மண்ணும் உதிராதாம். மோட்டார் வைண்டிங் கடையில செவப்பு வார்னிஷ் இருக்குது, சூடு தாங்கும். அடிச்சிடலாமா?"

"நீ அடிச்சிருக்கியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இல்லண்ணா. நம்மளுதுதான் மொதல்ல."

"வேணாம்ப்பா. இத்தினி வருசம் அடிக்காமத்தான ஓடுச்சு? வெளிய உரிஞ்சா அசிங்கம், அவ்ளதான். உள்ள உரிஞ்சா எங்க போய் அடைக்குமோ."

அவர் சொன்னது நியாயமான பேச்சு. அங்கேயே விட்டிருக்கலாம். கொட்டகையில் டயர் மாற்ற வந்தவர்கள், டீ குடிக்க ஒதுங்கியவர்கள் என்று நாலு பேர் நின்றார்கள். நாலு பேர் நின்றால் எனக்கு வாய் அடங்காது.

"ஏங்க, உள்ள பூசாத ஜாடில ஊறுகா போட்டு வச்சிட்டு, வெளிய மட்டும் பளபளன்னு இருக்குதேன்னு பாத்துக்கிட்டிருப்பீங்களா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர், "டிரைவரே, வூட்டுலயே இஞ்சினியரு வச்சிருக்கீங்க, எங்ககிட்ட சொல்லவே இல்லியே" என்றார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "அடிங்கப்பா" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு சோற்றுக்கு உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டதென்று அப்போது நான் கவனிக்கவில்லை.

மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தோம். பெட்ரோல் விட்டு இன்னொரு தடவை துடைத்தோம். துணியில் கறுப்பு வருவது நின்றதும், சுத்தம் என்று நானே சொன்னேன். மெக்கானிக் பிரஷ்ஷால் அடிக்க அடிக்க, நான் கம்பெனிப் பஞ்சு மாதிரி ஒரு துணியை மடித்துக்கொண்டு, இரும்போடு இரும்பு உட்காருகிற இடத்தையெல்லாம் துடைத்துக்கொடுத்தேன். "உக்கார்ற எடத்துல பூச்சு ஆவாது தம்பி" என்று அவனுக்குப் பாடம் வேறு. முடித்ததும் குங்குமச் சிமிழைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துக் கம்பெனி குரூப்பில் போட்டேன். கைதட்டுகிற பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன.

மறுநாள் வேலை விட்டதும் இரண்டு பெண்களை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அதில் ஒருத்தி கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தலைக்கு வழிய வழிய எண்ணெய் வைப்பாள். போன வாரம்தான், அவள் தொட்ட கப்புகளில் பூச்சு ஒதுங்கிவிட்டதென்று எல்லோர் எதிரிலும் அவளை நிறுத்தி, "போ, போய் கையக் கழுவிட்டு வா. சோப்பு போட்டு" என்று விரட்டியிருந்தேன்.

அவள் குனிந்து, "அழகா இருக்குதுக்கா" என்று சொல்லி ஓரத்தில் நகத்தை வைத்தாள். ஆறிய பாலில் ஆடை எடுப்பது போல, உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் அவள் விரலோடு எழும்பி வந்தது. அடியில் இரும்பு மினுமினுவென்று நனைந்திருந்தது. எண்ணெய். இத்தனை வருஷம் எண்ணெயில் ஊறிய இரும்பு, துணிக்குக் காட்டாமல் உள்ளே வைத்திருந்ததை மெல்ல வெளியே விட்டிருக்கிறது.

அவள் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கையக் கழுவிட்டு வரட்டுமாக்கா?"

குத்திக் கேட்டாளா, பயந்து கேட்டாளா, இன்று வரை எனக்குத் தெரியாது. இரண்டில் எது என்றாலும் எனக்கு மூஞ்சி வைக்க இடமில்லை.

மெக்கானிக் இன்னொரு பக்கம் சுரண்டிப் பார்த்தான். அங்கேயும் எழும்பியது. "கோர்த்திருந்தா சுருளு சுருளா உரிஞ்சு, கீழ ஆயில இழுக்குற வலைல போய் அடைச்சிருக்கும்க்கா. ஆயிலு ஏறாம என்ஜினு மங்கலம்பேட்டை போறதுக்குள்ள பூட்டிக்கிட்டு நின்னிருக்கும். மாப்ளையோட" என்றான். ஆயில் ஓடுகிற துளைகளுக்குள்ளும் வார்னிஷ் இறங்கியிருந்தது. கையால் சுரண்டினால் போகாது. கடலூருக்கு அனுப்பி மருந்துத் தொட்டியில் ஊறப்போட்டு எடுக்க வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நிக்கா. அதற்குள் வண்டி ஓடாது.

என் வீட்டுக்காரர் வந்தார். விரல் நுனியால் ஒரு பக்கம் உரித்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசி ஆறிப்போயிருப்பேன். அவர் போனை எடுத்து வாசல் பக்கம் போனார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார்.

"பாய், மன்னிச்சிக்கோங்க. வண்டி வராது... இல்ல பாய், மெக்கானிக் மேல தப்பு இல்ல. நான்தான் உள்ள பெயிண்ட் அடிக்கச் சொல்லிட்டேன். எம் புத்தி."

அந்தப் பெண்கள் இருவரும் அதைக் கேட்டார்கள். பேச்சுக்குப் பஞ்சமே இல்லாத எனக்கு, 'இல்லங்க, நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை.

பாய் நல்ல மனுஷர். வண்டி இல்லாவிட்டால் என்ன, நீங்கள் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவர் அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். மண்டபத்து வாசலில் வாடகைக்கு எடுத்த புதுக் கார் ஒன்றில் மாப்பிள்ளை வந்து இறங்கினார். எல்லோரும் மாப்பிள்ளை பின்னால் உள்ளே போய்விட்டார்கள். இவர் மட்டும் பின்தங்கினார். அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு பூச்சரம் அவிழ்ந்து டயர் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, பூ நசுங்காமல் சுற்றி, கண்ணாடி ஓரத்தில் செருகிவிட்டார். யாருடைய காரோ. செருகிவிட்டு ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, நேராக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

என்ஜின் கடலூரிலிருந்து வெறும் இரும்பாகத் திரும்பி வந்தது. நான் கொட்டகைக்குச் சோறு கொண்டுபோனபோது நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மெக்கானிக் என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டி, "உள்ள வேணாம்க்கா, வெளிப்பக்கமாச்சும் அடிப்பமா? நீங்க சொன்னா சரி" என்று சிரித்தான்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு தம்பி" என்றேன். "அன்னிக்கி உள்ள அடிக்கச் சொன்னது நானு. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. இவங்கல்லாம் இருந்தாங்க. இப்ப வண்டி யாருதோ அவரக் கேளு."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தூக்குவாளியைத் திறந்துகொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல், "கொழம்புல உப்பு இல்ல" என்றார்.

உப்பு இருந்தது. நான் ருசி பார்த்துத்தான் கொண்டுபோனேன். இருந்தாலும் ஆமாங்க என்றேன்.